கேட்க மட்டும் அனுமதி

ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்குக்காக வயர்லெஸ் செட் வைத்திருப்பவர்கள், காற்றில் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டீர்கள். ரேடியோவைப் பற்றித்தான் சார். "உங்க குரல் நல்லா கேக்குதுங்க" என்பார் ஒருவர். "உங்களுதும் நல்லா கேக்குதுங்க" என்பார் இன்னொருவர். என்ன செட், எந்த ஆன்டெனா என்று விசாரித்துக்கொள்வார்கள். பிறகு மரியாதையாக விடைபெற்றுக்கொள்வார்கள். இதற்குத்தான் அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது.

எங்கள் ஏற்காடு சங்கத்தில் லைசென்ஸ் இல்லாத ஒரே ஆள் நான். பரீட்சை எழுதாமல் இல்லை. எழுதினேன், போயிற்று, மறுபடி எழுதினேன், மறுபடி போயிற்று. லைசென்ஸ் இல்லாதவன் கேட்கலாம், பேசக்கூடாது. கல்யாணத்தில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி. செயலாளர் ஜீவானந்தம் அண்ணன் நல்ல மனுஷன். சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று என்னிடம் உபகரணப் பராமரிப்பைக் கொடுத்தார். பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, கம்பத்தில் துருப் பிடித்தால் தேய்ப்பது, சோலார் தகட்டில் குருவி எச்சம் துடைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே ரிப்பீட்டர்.

ரிப்பீட்டர் என்பது மலை உச்சியில் ஒரு தகரக் கூரை அறைக்குள் இருக்கும் பெட்டி. அந்தப் பக்கம் கொட்டச்சேட்டிலிருந்து ஒருவர் கைசெட்டில் பேசினால் நடுவில் நிற்கும் மலை குரலை விழுங்கிவிடும். அந்தப் பெட்டி அதை வாங்கி, பலப்படுத்தி, இந்தப் பக்கம் ஏற்காடு வரைக்கும் விடும். பெட்டி செத்தால் சங்கம் செத்தது. அந்த அறையின் சாவி என் கழுத்தில் கிடந்தது.

போன வருஷம் ஒரு எலி உள்ளே புகுந்து ஆன்டெனா ஒயரைக் கடித்துவிட்டது. நான் மலையேறி, இருட்டறையில் குனிந்து, கடித்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்ட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தார் எல்லோரும் காற்றில் ஆஜர் சொல்வது வழக்கம். அன்றைக்கு ஜீவானந்தம் அண்ணன் முதல் வார்த்தையே, "நம்ம வேடியப்பன் இல்லீன்னா இன்னிக்கு நாம பேசியிருக்க முடியாதுங்க" என்றார். அடுத்து தேவசிகாமணி சார் என் பெயரைச் சொன்னார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் பெயர் சேர்வராயன் மலை முழுக்கப் போய் வந்தது. எங்கள் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கல்லூரியில் எனக்கு அரியர் விழ ஆரம்பித்ததிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அது சாப்ட்ருச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை செட்டை எங்கள் வீட்டுக் கூடத்தில் சத்தமாக வைத்திருந்தேன். அப்பா ஷேவிங்கைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அதற்கப்புறம் எலிகள் ஒத்துழைக்கவில்லை.

ஆகவே எலி செய்ய வேண்டியதை நான் செய்தேன். ஒரு மாதம் ஃபியூஸ் போனது. இன்னொரு மாதம் பேட்டரி முனை தளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மலையேறினேன், கண்டுபிடித்தேன், என் பெயர் காற்றில் போனது. இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை சார். அரை நாள் பேச்சு நிற்கும். நின்ற பேச்சு என்ன பேச்சு? "நல்லா கேக்குதுங்க."

இந்த நிலையில்தான் ஹரிணி வந்தாள். கொட்டச்சேடு ஐயாக்கண்ணு மாமாவின் மகள். அவருக்குக் காபித் தோட்டமும் கொஞ்சம் மிளகும் உண்டு. ஹரிணி சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவள், பரீட்சையை ஒரே தடவையில் பாஸ் செய்தவள். வந்த சில மாதத்திலேயே ஒரு பெட்டி செய்துவிட்டாள். அதை ரிப்பீட்டரோடு பொருத்தினால் என்ன கோளாறு என்பது தானாகவே எல்லோர் போனுக்கும் வந்துவிடுமாம். கூட்டத்தில் மேஜை மேல் வைத்துக் காட்டினாள்.

"ஏனுங்க, அப்பறம் வேடியப்பன் மலையேற வேண்டாமுங்களா?" என்று தேவசிகாமணி சார் கேட்டார்.

"எதுக்குங்க? பொட்டியே சொல்லிரும். பேட்டரி மாத்தோணும்னா மட்டும் ஆரோ ஒருத்தரு போனாச் சரி."

ஆரோ ஒருத்தர். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நொம்ப நாளா ஏறி எறங்கிட்டே இருக்கற. இனி ஊட்ல நல்லாப் படுத்துத் தூங்கு சாமி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைவிட ஒரு வயசுதான் மூத்தவள். அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடமிருந்து எல்லோரும் எல்லாவற்றையும் நல்லெண்ணத்தில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சாவியை வியாழக்கிழமை பெட்டி பொருத்தும்போது கொடுத்துவிடச் சொன்னார் ஜீவானந்தம் அண்ணன். அவரும் பக்குவமாகத்தான் சொன்னார்.

மிச்சமிருந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே யோசனை. பெட்டியால் கண்டுபிடிக்க முடியாத, கையால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு கோளாறு வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டும். பெட்டி விழிக்க வேண்டும். நான் கண்டுபிடிக்க வேண்டும்.

குண்டூசி போதும் சார். ஆன்டெனாவிலிருந்து ரிப்பீட்டருக்கு வரும் கேபிளுக்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் கம்பிப் பின்னல் ஒன்று. இரண்டும் தொடக்கூடாது. ஊசியைக் குத்தினால் தொட்டுக்கொள்ளும். தலையைக் கட்டிங் பிளேயரில் வெட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ரிப்பீட்டருக்கு மின்சாரம் இருக்கும், விளக்கு எரியும், ஆனால் காதும் கேட்காது, வாயும் பேசாது.

வியாழக்கிழமை பேய் மழை. கரண்ட் காலையிலேயே போனது, பிறகு போன் டவரும் போனது. நான் முதலில் மேலே போய் அறையைத் திறந்து ஊசியைக் குத்தி வைத்தேன். ஜீவானந்தம் அண்ணனும் தேவசிகாமணி சாரும் பெட்டியோடு ஜீப்பில் வருவதாகப் பேச்சு. ஹரிணி கொட்டச்சேட்டிலிருந்து நேராக வருவதாக இருந்தது. ஆட்கள் வரும் வரைக்கும் பொழுது போக வேண்டுமே என்று என் கைசெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சியிலிருந்தால் ரிப்பீட்டர் இல்லாமலே இரண்டு பக்கமும் கேட்கலாம். கேட்க எனக்கு அனுமதி உண்டு.

ஹரிணியின் குரல்தான் முதலில் வந்தது.

"ஆராச்சும் கேக்கறீங்களா? கொட்டச்சேட்லிருந்து ஹரிணி. எங்கப்பா மேல சில்வர் ஓக் மரம் சாஞ்சிருச்சு. தொடையில ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஏற்காட்டுல சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்புங்க. ரோடு நல்லாத்தான் இருக்குது."

நான் கேபிளைப் பார்த்தேன். ஊசியைப் பிடுங்குவது ஒரு நொடி வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிடுங்கினால் ரிப்பீட்டர் வேலை செய்யும். ஜீப் வரும்போது கோளாறே இருக்காது. பெட்டியைப் பொருத்துவார்கள், சாவியை வாங்கிக்கொள்வார்கள். ஜீப் எப்படியும் கிளம்பியிருக்கும். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். இரண்டு காரியமும் ஒன்றாக நடக்கட்டும் என்று நினைத்தேன். இதில் பேராசை ஒன்றும் இல்லை.

என் செட்டிலேயே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எனக்கு லைசென்ஸ் இல்லை. உயிர் போகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று விதி இருப்பது தெரியும். பரீட்சையில் அந்த ஒரு கேள்விக்குச் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் பேசினால் அப்போதே கேட்டேன் என்று ஆகிவிடும். கேட்டவன் ஏன் உடனே சரிசெய்யவில்லை என்று வரும்.

அவள் விடவில்லை. விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மழை கூரைத் தகரத்தில் அடித்ததால் செட்டைக் காதோடு வைத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வேடியப்பா, நீ மேலதான் இருப்ப. எனக்குத் தெரியும். பேச வேண்டாம். பட்டனை மட்டும் ரெண்டு தரம் அமுக்கு. நீ கேக்கறன்னு தெரிஞ்சாப் போதும் கண்ணு."

எங்கள் வழக்கம் அது சார். பேச முடியாத நேரத்தில் பட்டனை இரண்டு தரம் அமுக்கி விட்டால் எதிர்முனையில் 'க்ளிக் க்ளிக்' என்று விழும். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். என் கட்டை விரல் பட்டன் மேல்தான் இருந்தது. அந்த விரலைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். அது அமுக்கவில்லை.

பிறகு செட் அவள் அம்மா கைக்குப் போயிருக்க வேண்டும். கனகா அத்தைக்குச் செட் பழக்கமில்லை. பட்டனை அமுக்கியவர் விடவே இல்லை. விட்டால்தான் எதிர்முனைக் குரல் கேட்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை போல. மழைச் சத்தம் வந்தது. ஹரிணி தூரத்தில் துணி கேட்பது வந்தது. அத்தையின் குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது. "ஏனுங்க. கண்ணைத் தொறங்க. ஏனுங்க, இங்க பாருங்க." அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கல்ல, மாமாவுக்கு. நான் செட்டை அணைக்கவில்லை. அணைத்திருக்கலாம். கடைசி வரைக்கும் கேட்டேன் என்பதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

ஜீப் வந்தது. வழியில் மரக்கிளை கிடந்ததால் தாமதமாம். செட்டின் சத்தத்தைக் குறைத்துப் பைக்குள் போட்டேன்.

"என்னடா, செத்துக் கெடக்குது? வர்ற வழியெல்லாம் கூப்புட்டேன், மூச்சு இல்ல" என்றார் ஜீவானந்தம் அண்ணன்.

"தெரீலீங்க. பாத்துட்டே இருக்கறேன்."

பெட்டியை மாட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கோளாறு என்றது, எங்கே என்று சொல்லவில்லை. நான் நினைத்தபடியே. "இப்ப என்ன பண்றதுங்க?" என்றார் தேவசிகாமணி சார். நான் கேபிளைக் கம்பத்தடியிலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தேன். மெதுவாகத்தான் வந்தேன். நேராக அந்த இடத்துக்குப் போனால் சந்தேகம் வரும். ஊசியைப் பிளேயரில் பிடுங்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு டேப் சுற்றினேன். விளக்கு பச்சையானது.

"எலி கடிச்ச ஜாயின்ட்ல மழைத்தண்ணி எறங்கியிருக்கும்" என்றார் தேவசிகாமணி சார்.

நான் தலையாட்டினேன். இந்தச் சம்பவம் முழுவதிலும் நான் செய்த தப்பு அந்தத் தலையாட்டல்தான்.

ஜீவானந்தம் அண்ணன் என் முதுகில் தட்டிவிட்டு மைக்கை எடுத்தார். "ஹரிணி, மேல வந்துட்டோம் கண்ணு. எப்படிக் கேக்குது?"

பிறகு அவள் குரல், வழக்கமான மரியாதையோடு.

"நல்லா கேக்குதுங்க. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டு இருந்தேனுங்க. இனி வேண்டாமுங்க."

அதோடு முடிந்திருந்தால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன் சார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. துக்கத்துக்குப் போனேன், பந்தல் கட்ட உதவினேன், கனகா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காற்றில் ஆஜரானார்கள். நான் கூடத்தில் செட்டைச் சத்தமாக வைத்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஜீவானந்தம் அண்ணன் சொன்னார்: "வேடியப்பன் போட்ட ஜாயின்ட்ல தண்ணி எறங்கிருச்சுங்க. பராமரிப்பு சரியில்ல. இனிமே வேற ஆளு பாத்துக்குவாங்க." மலை முழுக்க அது போனது. கரடியூரிலிருந்து ஒருவர், "நமக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார். நடுவில் ஹரிணி வந்தாள். அப்பனை இழந்து ஒரு வாரம்கூட ஆகாதவள்.

"விடுங்கண்ணா. அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவன்மேல தப்பு சொல்லாதீங்க."

அப்பா எழுந்து உள்ளே போனார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. இதோ, தாளில் மடித்து வைத்திருப்பதுதான் அந்த ஊசி. தலை வெட்டிய இடம் தெரியும். கேபிளில் நான் சுற்றிய டேப்பைப் பிரித்தால் ஓட்டை இருக்கும், அளவு ஒத்துப்போகும். மாமாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதை ஹரிணியிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். நான் போட்ட ஜாயின்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாவம், தப்பாகப் புரிந்துகொண்டு வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள்.