பித்தளைப் பிடி

சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் பூட்டு வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் மடக்குக் கத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும்.

"இருக்கறதுலயே கனமானது எதுங்க? அதக் குடுங்க," என்றார் கணவர். கத்தி வாங்க வந்தவர் கனத்தைக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

"மரப்பிடி எடுங்க. வழுக்காது," என்றார் மனைவி.

"பக்கவாதம் வந்ததுலருந்து இந்த வலது கைக்குத் தொட்டது தெரியறதில்ல. பாரந்தான் கொஞ்சம் தெரியுது. பித்தளையே இருக்கட்டும்."

"வெட்டுப்பட்டாக்கூடத் தெரியாதுங்களே!"

"ரத்தம் வந்தாப் பாத்துக்கறேன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "கொய்யாப்பழம் நறுக்கித்தர நான் இல்லீங்களா?"

"நீ நறுக்குனா நான் மட்டும் திங்கறேன். நான் நறுக்குனா உனக்கு மொதத் துண்டு குடுப்பேன்ல, கண்ணு. தோட்டத்துல அப்படித்தான குடுத்துட்டிருந்தேன்?"

அந்த அம்மா கடைக்காரரிடம் திரும்பி, "விரிச்சா மடங்காம லாக் ஆகுதுங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் விரித்து அழுத்திக் காட்டினார்.

அந்த அம்மா கத்தியை மடக்கி, கணவரின் சட்டைப்பையில் போடப் போனார். பாதியில் நிறுத்தி, அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தார்.

அவர் அதைத் தானே பையில் போடப் பார்த்தார்; இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் அந்த அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தாரே தவிர, பையில் போட்டுவிடவில்லை. பின்னால் நின்ற நானும் அவசரப்படவில்லை. மூன்றாம் முறை கத்தி பைக்குள் போனது.