கயிற்றைக் கழற்றாதீர்கள்

எனக்கு நாய்கள் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாய்மேல் இருந்த வெறுப்பில் செய்தேன் என்று எழுதிக்கொள்வீர்கள். எனக்குப் பிடிக்காதது, சொன்னால் கேட்காத மனிதர்கள்.

அந்தப் பூங்காவின் மேற்பார்வையாளன் நான். நாய்களைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டும் என்று வாசலில் ஆளுயரப் பலகை இருக்கிறது. அதன் அடியில் நின்றுதான் கயிற்றைக் கழற்றுவார்கள். விசில் ஊதுவேன். குருவிச் சத்தம் கேட்டதுபோல நடந்துகொண்டே இருப்பார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதுதான் மிச்சம்.

அவர்களுக்கெல்லாம் தலைவி பல் டாக்டரம்மா. கன்றுக்குட்டி அளவில் ஒரு பழுப்பு நாய். அதை அவிழ்த்துவிட்டுப் போனில் பேசப் போய்விடுவார்.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க. குழந்தை மாதிரி" என்பார்.

"குழந்தைய யாருங்க கட்டச் சொன்னது? நாயத்தான் சொல்றேன்" என்றேன் ஒருமுறை. சிரித்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேலதிகாரியிடம் போனேன். அவர் தலையைத் தூக்காமலே, "இதுவரைக்கும் யாரையாச்சும் கடிச்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கடிச்சா வாங்க, பாக்கலாம்" என்றார்.

சிக்கலே அதுதான். அந்த நாய் யாரையும் கடிக்கிற ரகமில்லை. அதனால் டாக்டரம்மா போனில் பேசும் நேரத்தில், தோட்டக் கொட்டகைக்குப் பின்னால் வைத்து நானே பழக்கினேன். பிஸ்கட்டை உயர்த்திப் பிடிப்பேன். அது எம்பும்போது கையை இழுத்துக்கொள்வேன். முதலில் வாலை ஆட்டிக்கொண்டு பொறுமையாகத்தான் நின்றது. ஏமாற்றி ஏமாற்றி, அந்தப் பொறுமை போய்விட்டது. தூக்கிய கையைக் கண்டாலே பாய்ந்து கவ்வ ஆரம்பித்தது. என் தோல் கையுறை கிழிந்த அன்று, இது போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து, யாருடைய கை என்ற கேள்வி வந்தது. பெரியவர்கள் என்றால் உதறிவிடுவார்கள். மேலதிகாரி அதற்கெல்லாம் அசைய மாட்டார். குழந்தைதான் சரி. ஆனால் ஊரார் பிள்ளையை அப்படிக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வராது. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை.

மகளிடம், "பாப்பாவ பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ கொஞ்சம் படும்மா" என்றேன்.

"நீங்க இருக்கறதாலதான்ப்பா நான் மூச்சு விடறேன்" என்றாள்.

பேத்திக்கு நான்கு வயது. புல்வெளி நடுவில் நிறுத்தி, பிஸ்கட்டைக் கொடுத்தேன். "கைய நல்லாத் தூக்கிப் பிடி கண்ணு. தாத்தா சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது." டாக்டரம்மா அப்போதுதான் கயிற்றைக் கழற்றினார். விதிப்படி விசில்கூட ஊதினேன். அவர் திரும்பவில்லை.

இப்போது போய்ப் பாருங்கள், ஒரு நாய்கூடக் கயிறில்லாமல் உள்ளே வராது. டாக்டரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகளின் காலைப் பிடித்து அழுதார். எனக்கே பாவமாக இருந்தது. நாயைக் கொன்றுவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம்தான்.

பேத்தியின் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "இறக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே தாத்தா, அதான் நான் இறக்கல" என்றாள். பக்கத்தில் நின்ற மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள்தான் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள்.

நாய் பாய்ந்த அந்த நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். மறைக்க மாட்டேன், பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பூங்காவில் என் பேச்சைக் கேட்டு நின்றது அவள் ஒருத்திதான்.