புகழேந்தியின் நாற்காலி

நேர்கோடு போடுவது பார்க்கத்தான் எளிது, முதலாளி. வேண்டுமானால் இந்த மேசையிலேயே ஒரு காகிதத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். பாதி வழியில் கை யோசிக்கும். யோசித்த இடத்தில் கோடு வளையும். கம்ப்யூட்டர் வாங்க இன்னும் இரண்டு சீசன் ஆகும், அதுவரை கையைத் திருத்துங்கள் என்று பட்டாசுப் பெட்டிக்குப் படம் வரைகிற என்னையும் புகழேந்தியையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியான வகுப்பில் உட்கார வைத்தது நீங்கள்தான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று கேட்டீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜெபசுந்தர் சார் நல்ல மனிதர், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு நேரே கம்பெனிக்கு வருவார். ஆரம்பத்தில் வெறும் கோடுதான். இரண்டு புள்ளி வைக்கச் சொல்வார். "பென்சிலப் பாக்காதீக. போய்ச் சேர வேண்டிய புள்ளியப் பாருங்க. மணிக்கட்ட அசைக்காம தோள்ல இருந்து ஒரே இழுப்பு. தயங்கவே கூடாது" என்பார். என் கோடு சாத்தூர் டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போகும். பக்கத்தில் புகழேந்தி ஒரு இழுப்பு இழுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். அதை அவன் பெருமையாகக்கூட நினைப்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தீபாவளி லேபிள் எல்லாம் இனி ஒரே ஆள் பொறுப்பு, எங்களில் நன்றாக வரைகிறவன்தான் ஹெட் ஆர்டிஸ்ட் என்று நீங்கள் வேறு சொல்லியிருந்தீர்கள்.

கோட்டுக்குப் பிறகு பெட்டி. சார் ஒரு காலி கிஃப்ட் பாக்ஸை உயரமான ஸ்டாண்டில் வைத்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரிகிறபடி வரையச் சொன்னார். கண்மட்டம் என்று ஒன்று இருக்கிறது, முதலாளி. பெட்டி அதற்குக் கீழே இருந்தால்தான் மூடி தெரியும். கண் இறங்க இறங்க மூடி ஒடுங்கி, கடைசியில் வெறும் கோடாகிவிடும். சார் இதை விளக்கியபோது புகழேந்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தான். கை வந்தவனுக்குக் காது எதற்கு? நான் மட்டும் கவனமாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டே அவன் நாற்காலியைப் பார்த்தேன்.

ஞாயிறுதோறும் அவனுக்கு முன்னால் வந்துவிடுவேன். நாற்காலியைக் கவிழ்த்து, நான்கு காலிலும் சுற்றிக் கோடு போட்டு, ஒரு பென்சில் கனத்துக்கு ரம்பத்தால் அறுப்பேன். உப்புத்தாளால் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளிவிடுவேன். மேசைக்கடியில் இருக்கிற காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

முதலில் அவனுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. "கால் நல்லா தரையில பதியுதுலே" என்றான். போகப் போக முகம் வாடிவிட்டது. "ஏலே பெத்தணா, மூடி எங்கலே போச்சு? முன்னால தெரிஞ்சுதே" என்றான். என் படத்தைக் காட்டினேன். கோணல் மாணலாக இருந்தாலும் அதில் மூடி இருந்தது. கம்பெனி பெயர் மூடியில்தானே வர வேண்டும்? நீங்களே அவன் படத்தைத் தூக்கிப் போட்டு, "பேர எங்கன போடுறது, ஒந்தலையிலயா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும்.

கண் கெட்டுவிட்டது என்று அவனே முடிவு கட்டினான். நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. விருதுநகரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறே இல்லை என்றார். "டாக்டருக்கு என்னலே தெரியும், அவரு பெட்டியா வரையிறாரு?" என்றேன். அது அவனுக்கு நியாயமாகப் பட்டது.

ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் செலுத்தப் போனோம். வெள்ளியில் அந்த இரண்டு கண்களை வாங்கிக் கொடுத்தது நான்தான். கூட்டத்தில் அவன் கையைப் பிடித்து நடத்திப் போனதும் நான்தான். அவன் பெண்டாட்டி செல்வலட்சுமி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, கூடப் பொறந்தவுககூட இம்புட்டுப் பாக்க மாட்டாக" என்று அழுதது. எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை. அடுத்த ஞாயிறும் ஒரு பென்சில் கனம் எடுத்தேன். ஒரு வாரம் விட்டாலும் கை கெட்டுவிடும் என்று சார் சொல்லியிருக்கிறார்.

ஆவணியில் புகழேந்தி தானாக வந்து உங்களிடம் சொல்லிக்கொண்டு விலகினான். இப்போது ஏழாயிரம்பண்ணையில் ஒரு கம்பெனியில் காலிப் பெட்டி ஒட்டுகிறான். கண் போனாலும் தடவித் தடவியே செய்துவிடலாம் என்கிறான். அந்த வேலையையும் நான்தான் பார்த்துக் கொடுத்தேன்.

ஆயுத பூசைக்கு, கம்பெனி கூட்டிப் பெருக்குகிற ஆவுடைத்தாய் ஆபீஸ் நாற்காலிகளை எல்லாம் முற்றத்தில் போட்டுக் கழுவினாள். கழுவியதைத் திசைக்கு ஒன்றாகப் போட்டிருந்தாள். அப்படியே விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அலங்கோலம் என் கண்ணை உறுத்தியது. நான் இப்போது ஹெட் ஆர்டிஸ்ட் அல்லவா? எல்லாவற்றையும் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்தேன். கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளிப் போகப் போகச் சிறிதாகவும் தெரிய வேண்டும், அதுதான் பாடம். வரிசையின் அழகில் மயங்கிப்போனதில், முதலில் நிற்பது எது என்று நான் பார்க்கவில்லை. ஆவுடைத்தாய்தான் மோவாயில் கை வைத்தாள். "முதலாளி, கிட்டக்க கெடக்குற இது மட்டும் பால்வாடி நாற்காலி கணக்கா இருக்கே" என்றாள். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

ஆமாம், நான்தான் அறுத்தேன். புகழேந்தியை ஆள் விட்டுக் கூப்பிடப் போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள். அவன் கண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யார் இருக்கிறான்? அந்த நாற்காலியை மட்டும் அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள். காகிதத்தில் நான் போட்ட கோடு ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கால்களில் போட்டது அத்தனையும் ஒரே இழுப்பில் வந்தது. கை தயங்கவே இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு தடவை உட்கார்ந்துதான் பாருங்களேன், முதலாளி. கொஞ்சங்கூட ஆடாது.