ஞாயிறு வரட்டும் என்ற தலைவர்

தூத்துக்குடிக்குப் போகும் காலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு மீனவர்கள் இருந்தார்கள். மூத்தவர் நாளிதழை மடித்துவிட்டுச் சொன்னார்:

"அமெரிக்காவுல ஜனாதிபதி அவசரநிலைன்னு சொல்லிட்டு, அங்க நாடாளுமன்றம் வேற வேலைக்கு ஒதுக்குன பணத்த எடுத்துட்டாராம். கேஸ் போட்டுட்டாவ. நான் ஊர்ப் பணத்த எடுக்கல, என் மேல கேஸும் இல்ல. ஆனா சூசை வீட்டு வழியா நடக்க முடியல."

இளையவர் சிரித்தார். "நம்ம ஊர் கமிட்டித் தலைவரான நீங்களும் அமெரிக்க ஜனாதிபதியும் ஒண்ணா, அண்ணாச்சி?"

"முறை ஒண்ணுதானலே. ஊர்ப் பணம் திருவிழாவுக்கு வச்சது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம் சரின்னு சொல்லாம தொடக்கூடாது. புயல் வெள்ளிக்கிழமையே வந்துட்டு. படகுகள மேல இழுக்க கிரேன்காரன் முன்பணம் கேட்டான். ஞாயிறு வரட்டும்னுட்டேன்."

"சனிக்கிழமை சூசை படகு ரெண்டா உடைஞ்சு போச்சு."

"கேக்காம நான் எடுத்தா, நாளைக்கு வாற தலைவன் எதுக்கெல்லாம் எடுப்பான்?"

"கேக்காம எடுக்கச் சொல்லல, அண்ணாச்சி. மாதா கோயில் மணிய அடிச்சிருந்தா, அந்த மழையிலயும் ஊரே ஓடி வந்து சரின்னு சொல்லியிருக்கும்."

மூத்தவர் நாளிதழை இன்னொரு முறை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கும் மணிக்கூண்டுச் சாவி என் இடுப்புலதாம்ல இருந்துச்சு."