ரெண்டாவது வெட்டு

ஐயோ, கதவச் சாத்திராதீங்க ஷவ்கி அண்ணே. நோயாளியப் பாக்குற நேரம் முடிஞ்சது தெரியும். நான் யாரையும் பாக்க வரல. என்னத் தெரியலையா? வஹீத், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். வியாழக்கிழமை வந்து மேல பச்சப்புள்ளைங்க வார்டு கம்ப்யூட்டர் மெஷின சரி பண்ணேன்ல? நீங்ககூட புதினா போட்டு டீ குடுத்தீங்களே.

ஆமா, அவனேதான். ஷுப்ரா ரோட்டுல ஒரே நெரிசல், பஸ்ஸ விட்டு பாதி வழில எறங்கி ஓடியாந்தேன்.

காசுக்கு வரலண்ணே. அந்த மெஷினத் தெறந்து பாக்கணும், அஞ்சே நிமிஷம். போன் பண்ணிப் பாத்தேன், ஒருத்தரும் எடுக்கல. எதுக்கா? குறைமாசப் புள்ளைங்கள கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்கள்ல, மூச்சு கொறஞ்சா நர்ஸம்மா மேசைல மணி அடிக்கும். அத அடிக்க வைக்கிறது மெஷினுக்குள்ள இருக்கிற ஒரு கார்டு. பழசு எரிஞ்சுபோச்சுன்னு வேற ஒண்ணு போட்டேன்.

புதுசெல்லாம் இல்ல. அதுல ரெண்டு ரகம்ணே. ஒண்ணு அஞ்சு வோல்ட் தாங்கும், இன்னொண்ணு மூணு சொச்சம்தான் தாங்கும். ரகம் மாத்திச் சொருகிரக் கூடாதுன்னே கார்டோட விளிம்புல ரகத்துக்கு ஒரு எடத்துல வெட்டு விட்டிருப்பான். எடம் தப்புன்னா முட்டும், உள்ள எறங்காது. ரெண்டுக்கும் பொதுவான கார்டுன்னா ரெண்டு வெட்டு இருக்கும்.

முட்டுனா விட்ரணும். எங்க ரிப்பேர்க் கடைச் சந்துல யாரு விடுறா? அரத்த எடுத்து இன்னொரு வெட்டு ராவி எறக்கிருவோம். வேலையும் செய்யும், நாலு நாளு, அஞ்சு நாளு. அப்புறம் உள்ளுக்குள்ளயே சூடேறிச் செத்துரும். மெஷின் பாட்டுக்கு ஓடும், பச்சை வெளக்கு எரியும். மணி மட்டும் அடிக்காது. இன்னைக்குக் காலைல மருந்துக் கடைக்காரர் அவரு கம்ப்யூட்டர்லருந்து கழட்டி எங்கிட்ட கொண்டாந்தாரு, இதே மாதிரி ராவுன கார்டு. கருகிக் கெடக்குது. இங்க போட்டும் இன்னையோட அஞ்சு நாளாச்சுண்ணே.

எவன் வித்தான்னா கேக்குறீங்க? அத விடுங்கண்ணே. மொதல்ல இதச் சொல்லுங்க. மணிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும்ல? ஓயாம அடிச்சு உசுர வாங்குதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே?

மத்தியானம் லுஹர் தொழுகைக்கப்புறம் ஒரு தடவகூட அடிக்கலையா? நல்லாக் கண்ணசந்தீங்களா?

அல்லாவே.

தெறங்கண்ணே. போலீஸக் கூப்புடணும்னா கூப்புடுங்க, ஓட மாட்டேன். ஆனா மொதல்ல நர்ஸம்மாவக் கூப்புட்டு, ஒவ்வொரு பெட்டியா கண்ணால பாக்கச் சொல்லுங்க. அத எவனும் எனக்கு ராவி விக்கலண்ணே. ரெண்டாவது வெட்டு நான் போட்டதுதான். இந்தா, இந்தப் படில உக்காந்துதான் ராவுனேன், நீங்க குடுத்த டீயக் குடிச்சுக்கிட்டே.