விதை எண் 214

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, நாளைக் காலை பத்து மணிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்திருக்கும் நிறுவனத்தாரே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் அத்தான் அவர்களே, அக்காவிடம் மதிப்பெண்ணும் திட்டும் சரிசமமாக வாங்கிய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. ஆயுள் முழுக்கச் சீட்டாட்டத்தை ஆராய்ந்தவருக்கு அஞ்சலி செலுத்த வந்த இடத்திலும் சீட்டுதான் நம்மை ஆட்டுகிறது! இயக்குநர் பொறுத்தருள வேண்டும். நான் இன்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இறங்கினால் நாளை பத்து மணிக்குப் பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை.

யாரை இழந்தோம்? விளையாட்டுக் கோட்பாட்டில் முப்பதாண்டு உழைத்த பேராசிரியரை இழந்தோம்! கணினிக்குப் போக்கர் ஆடக் கற்றுக்கொடுத்த ஆய்வுக்கூடத் தலைவரை இழந்தோம்! எல்லோரும் 'மேடம்' என்று எழுந்து நிற்கத் தயாராக இருந்தபோது, 'அக்கான்னே கூப்பிடுங்கப்பா, வேலை சீக்கிரம் நடக்கும்' என்று சொன்னவரை இழந்தோம்!

சதுரங்கத்தை விட்டுவிட்டுப் போக்கர் எதற்கு என்று அவரிடம் கேட்காதவர்கள் இல்லை. சதுரங்கத்தில் காய்கள் கண்ணெதிரே நிற்கின்றன. போக்கரில் எதிராளியின் சீட்டு தெரியாது. கையில் ஒன்றுமே இல்லாமல் பந்தயத்தை ஏற்றி மிரட்டலாம். வெறுங்கையால் முழம் போடலாம். ஆனால் எத்தனை முறை போடலாம்? எப்போதும் மிரட்டினால் எவனும் பயப்பட மாட்டான். மிரட்டவே மிரட்டாவிட்டால், நீ பந்தயம் ஏற்றிய உடனே எல்லோரும் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். இதற்கு ஒரு சரியான அளவு இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் என்றார் அக்கா.

அத்தான் பஸ் ஓட்டியவர். சாப்பாட்டு மேசையில் அவருடன் ஆடி அக்கா ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 'எப்படி அத்தான்?' என்று கேட்டேன். 'பொய்ச் சீட்டு வெச்சிருந்தா உங்க அக்கா மூக்கைத் தொடுவா. முப்பது வருஷமா நான் அதை அவகிட்ட சொல்லல' என்றார். மறுநாள் அக்காவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆய்வுக்கூடமே வேலையை நிறுத்திவிட்டது.

எங்கள் எந்திரத்துக்கு மூக்கு கிடையாது. அதற்கு ஆட்டத்தின் விதிகளை மட்டும்தான் சொன்னோம். மற்றதெல்லாம் அது தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டம் ஆடிக் கற்றது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், 'இப்படிச் செய்ததற்குப் பதில் அப்படிச் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்' என்று கணக்கிட்டு வருந்தும். எந்த வருத்தம் பெரிதோ, அதற்கேற்ப அடுத்த ஆட்டத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். 'நம்மள மாதிரி இல்ல தம்பி, வருத்தப்பட்டுட்டு அது சும்மா உக்காராது' என்பார் அக்கா.

அந்த எந்திரம் மூன்று மாதங்களுக்கு முன் நான்கு சாம்பியன்களோடு இருபது நாள் மோதியது. வென்றது! நாம் கைதட்டினோம், பத்திரிகைகள் எழுதின. அந்த வெற்றியை நம்பித்தான் நிறுவனத்தார் வந்திருக்கிறார்கள். துறைமுகத்தில் எந்தச் சரக்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பது, எதை விடுவது என்று கடத்தல்காரனோடு எங்கள் எந்திரம் ஆடப் போகிறது.

பதினோராம் நாள் ஆட்டத்தை உங்களில் பலர் மறந்திருக்கலாம். கறுப்புக் கண்ணாடி போட்ட மூத்த சாம்பியன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, 'இதுக்குச் சீட்டு தெரியுது. இது ஆட்டமே இல்ல' என்றார். நாங்கள் சிரித்தோம். தோற்றவன் ஆயிரம் சொல்வான் என்று மறுநாள் பத்திரிகையும் கேலி செய்தது. இருந்தவர்களில் உரக்கச் சிரித்தவன் நான். சிரிக்காதவர் ஒருவர்தான், அக்கா.

இரண்டாவது சீட்டு வந்திருக்கிறது. 'அம்மையாரின் தொண்டு பற்றி மட்டும் பேசவும்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, அவருடைய தொண்டிலேயே பெரிய தொண்டுக்கு இப்போதுதான் வருகிறேன்.

கணினி சீட்டுக் கலைப்பது நாம் கலைப்பது போல் அல்ல. அதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் 'விதை' என்போம். ஒரே விதையைப் போட்டால் ஒரே வரிசையில்தான் சீட்டு விழும். ஒத்திகையின்போது பிழை கண்டுபிடிக்க வசதியாக எப்போதும் ஒரே விதையைப் போடுவோம். எங்கள் அறைக்கதவில் உள்ள எண்தான் அது, 214. எந்திரத்தின் நாற்பது வடிவங்களை அந்த 214 கொடுத்த சீட்டுகளில் ஆடவிட்டு, முதலில் வந்த வடிவத்தைப் போட்டிக்கு அனுப்பினோம். போட்டி தொடங்குமுன் விதையை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியவன் யார்?

நான்.

மாற்றவில்லை. மறந்துவிட்டேன். இருபது நாளும் ஒத்திகையில் விழுந்த அதே சீட்டுகள், அதே வரிசையில் விழுந்தன. எந்திரம் எவர் கையையும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பரீட்சைத் தாளை முன்பே வைத்துக்கொண்டு, அந்தத் தாளில் யார் அதிக மதிப்பெண் வாங்குவான் என்று பார்த்து, அவனையே பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறோம். அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெரியவர் சொன்னது முழு உண்மை இல்லை. நாங்கள் சிரித்த சிரிப்பு முழுப் பொய்.

சலசலப்பு வேண்டாம், முடித்துவிடுகிறேன்.

பதினோராம் நாளிலிருந்து அந்தப் பெரியவர் சொன்னது அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டரை மாதம் தேடினார். சென்ற திங்கட்கிழமை இரண்டு தாள்களை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஒத்திகை, ஒன்று போட்டி. 'படி தம்பி' என்றார். இங்கே இஸ்பேட் ஐந்து, அங்கேயும் இஸ்பேட் ஐந்து. இங்கே ஹார்ட்டின் ராணி, அங்கேயும் ஹார்ட்டின் ராணி. ஏழாவது சீட்டுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

'ஒப்பந்தம் முடியட்டும் அக்கா, ஒரு வாரம் பொறுங்க' என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்! 'ஒரு வாரம் வெச்சா பழுக்கறதுக்கு இது என்ன மாங்காயா? அழுகிப் போயிரும்' என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார். 'சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் தரேன். நீயே சொல்லு. உன் தப்பை நான் போய்ச் சொன்னா அது கோள். நீ சொன்னா அது திருத்தம்' என்றார்.

வியாழக்கிழமை மதியம் கரும்பலகை முன் நின்றவர் சரிந்தார். வெள்ளிக்கிழமை அவரை வழியனுப்பினோம். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'இனி இது யாருக்கும் தெரியாது' என்று நினைத்தேன். அக்கா கிடத்தப்பட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டே நினைத்தேன்! அத்தான், அப்போது நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அந்தத் தோளுக்கு அதற்கு அருகதை இல்லை. என்னை மன்னியுங்கள்.

மூன்றாவது சீட்டும் வந்துவிட்டது. பிரிக்கப் போவதில்லை. இயக்குநர் ஐயா, உங்களுக்கு இது தெரியாது என்பதை இந்த அவைக்கு நானே சொல்கிறேன். இதோ அந்த இரண்டு தாள்கள், இதோ என் கையெழுத்திட்ட கடிதம். போட்டி முடிவைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதியிருக்கிறேன். நிறுவனத்தாரே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து உங்களுக்குப் பரிமாற இருந்தோம். நாளை கையெழுத்திட வேண்டாம். என் வேலை போனால் போகட்டும். எங்கள் எந்திரம் நல்ல எந்திரம்தானா? தெரியாது! அக்காவுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் அதைத் துறைமுகத்துக்கு அனுப்ப அவர் உயிரோடிருந்தால் விட்டிருப்பாரா?

ஆகவே உறுதி சொல்கிறேன். மீண்டும் மோதுவோம். அதே நான்கு பேர், அதே இருபது நாள். வந்து உட்காருங்கள் என்று அந்தப் பெரியவரைக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், இங்கேதான் எங்கேயோ இருக்கிறார்.

பின்வரிசையில் எழுந்திருப்பது... ஐயா, நீங்களா? கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் அடையாளம் தெரியவில்லை. ஒலிபெருக்கி கொடுங்கள் அவருக்கு. வேண்டாமா? சரி, சொல்லுங்கள், கேட்கிறது.

'கணினி வேணாம். சீட்டை நான் கலைக்கிறேன்' என்கிறார்.

கலையுங்கள் ஐயா! உங்கள் கையாலேயே கலையுங்கள். தோற்றால், அக்காவின் பெயரைச் சொல்லித் தோற்போம்.