பன்னிரண்டாம் அலுவலகத்தில் தரித்து நின்றுவிட்ட றேமண்ட் அண்ணருக்கு

கொட்டாஞ்சேனை தந்த கோமகனே! துறைமுக வாயில்கள் தோறும் தோழமை வளர்த்தவரே! சுங்க அதிகாரியின் சினத்தையும் சிங்களத்தில் சிரிப்பாக்கிய செம்மலே! எங்கள் றேமண்ட் அண்ணரே!

ஓய்வு பெறுபவரின் பிரிவு நாளில் கண்ணீர் வடிப்பதே மரபு. எங்களுக்கோ இன்று வருத்தத்தை விட நிம்மதியே அதிகம். அதை வெட்கமின்றிச் சொல்லிவிடுகிறோம்.

வத்தளையில் தொடங்கி, தெஹிவளையில் தொடர்ந்து, கொள்ளுப்பிட்டியில் மட்டும் நான்கு முறை கதிரை மாற்றி, பதினொரு முதலாளிமாரைக் கண்ட பின்னரே, துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். "றேமண்ட் இப்ப எங்க வேலை?" என்று கோயிலடியில் கேட்டவர்களுக்கு, "கொழும்பிலதான்" என்று சொல்லிச் சமாளித்தவர் தங்கள் துணைவியார் மெற்றில்டா அக்கா. ஒவ்வொரு புது இடத்திலும் முதற்சம்பளம் வரும்வரை அவருக்கு நெஞ்சிடி அடங்காது. எங்களுக்கும் அதே பயம் தொற்றிக்கொண்டது. தாங்கள் கழுத்தில் ரை கட்டி வந்தாலே, நேர்முகத் தேர்வுக்குப் போகிறார் என்று ஒருவருக்கொருவர் கண்காட்டுவோம்.

இறக்குமதி படுத்து, எங்களில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்ட வருடத்தில் தாங்கள் மறுபடி ரை கட்டினீர்கள். கொள்ளுப்பிட்டியில் புது வேலை சரிவந்துவிட்டது. துறைமுக அலுவல் தெரிந்த கடைசி ஆள் தாங்கள்தான். "றேமண்டும் போனா நான் ஒபிஸ மூடிருவேன்" என்றார் எங்கள் முதலாளி ஸவாஹிர் ஹாஜியார். போகிறவரை முகம் கோணாமல் அனுப்புவோம் என்று நாங்கள் கேக் வாங்கினோம். வெட்டக் கத்தியைப் பிடித்த எங்கள் உஷாந்தி முதலில் அழுதாள். பிறகு அழாதவர் எவருமில்லை. தாங்களோ கேக்கைச் சாப்பிட்டு, வெளியே போய்க் கொள்ளுப்பிட்டிக்குப் போன் எடுத்துவிட்டு வந்து சொன்னீர்கள்:

"நான் பதினொரு இடத்தால வெளிக்கிட்டனான். ஒரு இடத்திலயும் ஒருத்தரும் அழேல்ல. இனி நான் எப்பிடிப் போறது?"

போய் வாருங்கள் என்று வழியனுப்பிய விருந்தில் சாப்பிட்டுவிட்டுப் போகாமலே இருந்த பெருந்தகையே! அத்தோடு நின்றீர்களா? விட்டுவந்த முதலாளிமார் ஒவ்வொருவரிடமும் போய் எங்களுக்குச் சரக்கு விடுவிக்கும் வேலை கேட்டீர்கள். எங்கும் சண்டை பிடித்து விலகாதவர் என்பதால் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. எந்தத் தாவலை எண்ணி நாங்கள் பயந்தோமோ, அந்தத் தாவல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இதை எழுதும்போது மனம் நிறைகிறது.

இவ்விழாவுக்கு அழைக்க வீட்டுக்கு வந்தோம். மெற்றில்டா அக்கா எங்களை உள்ளே வரச் சொல்லவும் மறந்து கேட்டார்: "உண்மையா ரிட்டயர்மென்ற்தானே? வேற எங்கயும் வேலைக்குச் சொல்லிவைச்சிட்டு வரேல்லையே?" இல்லவே இல்லை என்றோம். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா!" என்றார்.

அண்ணரே! நோய் அண்டாமல், மூட்டு நோகாமல், அக்காவின் அருகே பல்லாண்டு இருந்து பேரப்பிள்ளைகளின் கலியாணமும் காண வேண்டுமென்று எங்கள் எல்லோரின் கடவுளரையும் வேண்டுகிறோம். ஒரேயொரு விண்ணப்பம். வருகிற திங்கட்கிழமை காலை, தயவுசெய்து, எங்கேயும் வெளிக்கிட்டுவிடாதீர்கள்.

தங்களைப் போகவிட மனமில்லாத,
சரக்கு விடுவிப்பு அலுவலக ஊழியர்கள்,
கொட்டாஞ்சேனை.